நைனாவின் எட்டாம் நாள்

என் நைனா அறுபத்தோரு வயதில் விருத்தசேதனம் செய்துகொண்டார். சுன்னத்து செய்துகொள்ள நாங்கள் முஸ்லிம்கள் அல்ல. திருவொற்றியூரில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். டாக்டர் யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. யூதர்கள் செய்கிறார்கள், கர்த்தர் ஆபிரகாமுக்குச் சொன்னார், நாமும் செய்ய வேண்டும் என்று ஒரு மனிதர் சொன்னார், நைனா செய்துகொண்டார். நாற்பத்தேழு நாள் கழித்துச் செத்துப்போனார். காலமானார் என்று எழுதலாம். ஆனால் அந்த நாற்பத்தேழு நாளில் மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் இருந்த மகள் நான். அந்த மரியாதையான சொல் எனக்கு வாயில் வரவில்லை.

நைனா இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். இருபத்தாறு வருஷமும் கான்ட்ராக்ட் லேபர்தான். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பர்மனென்ட் ஆனார்கள், யூனிஃபார்ம் வாங்கினார்கள், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மெயின் கேட் வழியாக வந்தார்கள். நைனா பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் போனார், அதே கதவு வழியாக வந்தார், ஒரு நாள் அதே கதவு வழியாக வேலையை விட்டே அனுப்பப்பட்டார். எங்கள் தெரு சர்ச்சிலும் அதே கதைதான். அசன விருந்துக்கு அண்டா தூக்கக் கூப்பிடுவார்கள். கமிட்டிக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். 'நீயும் எங்க ஆளுதான்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர் அவர். சாகும்வரை அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். இது தெரியாவிட்டால் அவர் செய்தது வெறும் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

விம்கோ நகரில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, தகர ஷீட் போட்ட ஹாலில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திய பாஸ்டர் முன்பு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவர். நல்ல குரல். நைனா முதல் நாள் போனபோது அவரை முன் வரிசையில் உட்கார வைத்து, தோளில் கை போட்டு, 'பிரதர்' என்று கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

அந்தப் பாஸ்டர் ஒருமுறை பரிசுத்த நாடான இஸ்ரேலுக்கு டூர் போய் வந்தார். வரும்போது ஆட்டுக்கொம்பு எக்காளம் ஒன்றும், நீலக் கோடு போட்ட ஜெபச் சால்வை ஒன்றும், 'நாம்தான் இப்போது இஸ்ரவேலர்' என்ற ஒரு நினைப்பும் கொண்டுவந்தார். அந்த மாதமே ஞாயிறு ஆராதனை சனிக்கிழமைக்கு மாறியது. அடுத்து பன்றிக்கறி போனது. அதற்கடுத்து, செதில் இல்லாத எதையும் தின்னக்கூடாது என்று கட்டளை வந்தது. காசிமேட்டு மார்க்கெட்டுக்கு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நண்டு வேண்டாம், இறால் வேண்டாம், சுறா வேண்டாம். என் அம்மா மீன்காரர் வீட்டுப் பெண்.

"செதிலு இல்லாதது ஆவாதாமா?" என்றாள் என்னிடம். "இந்தாளுக்குக் கூடத்தான் செதிலு இல்ல. நான் தூக்கிப் போட்டனா?"

அப்போது நாங்கள் இருவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் நைனாவைப் பார்த்துச் சிரிப்பது சாப்பாட்டுக்கு ஊறுகாய் வைப்பதுபோல; தினமும் கொஞ்சம் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நைனாவின் வற்புறுத்தலுக்காக நானும் அந்த ஹாலுக்குப் போனேன். அன்றைக்குத்தான் பாஸ்டர் உடன்படிக்கையின் அடையாளத்தைப் பற்றிப் பேசினார். ஆபிரகாமுக்குத் தொண்ணூற்றொன்பது வயதாகும்போது கர்த்தர் பேசினாராம். நான் உனக்கும் உன் சந்ததிக்கும் தேவனாயிருப்பேன், அதற்கு அடையாளம் உன் மாம்சத்தில் இருக்க வேண்டும் என்றாராம். கிழவர் யோசிக்கவில்லை. அதே நாளில் தான், தன் மகன், வீட்டில் பிறந்தவன், விலைக்கு வாங்கினவன், எல்லா ஆண்பிள்ளைக்கும் செய்து முடித்தார். அதற்குப் பிறகு பிறக்கும் ஒவ்வொரு ஆண்குழந்தைக்கும் எட்டாம் நாள். செய்துகொள்ளாதவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான்.

"விலைக்கு வாங்குன அடிமைக்கும் அதே அடையாளம்" என்றார் பாஸ்டர். "கவனிங்க பிரதர்ஸ். எஜமானுக்கு ஒண்ணு, வேலக்காரனுக்கு ஒண்ணு இல்ல. வெட்டிகினா எல்லாரும் ஒரே ஜனம். அப்புறம் ஒருத்தரும் உன்ன வெளியில நிறுத்த முடியாது."

நைனா அழுதார். நான் அவர் அழுததைப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்ரவேலின் கோத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்று பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார் பாஸ்டர். முதல் கை நைனாவுடையது.

இதில் பாஸ்டர் ஒரு கணக்குப் போட்டார். இப்படி ஒரு கணக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. எட்டாம் நாள் என்பது பிறந்ததிலிருந்து எட்டாம் நாள். வளர்ந்த மனிதன் எப்போது பிறக்கிறான்? முழுக்கு ஞானஸ்நானத்தில். ஆகவே பன்னிரண்டு பேரும் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடி ஒரு முழுக்கு எடுப்பார்கள். அதிலிருந்து எட்டாம் நாள் காரியம் நடக்கும். அந்த நாள் தவறக்கூடாது, தவறினால் பிறந்தது வீண். அனல் மின்நிலையத்துச் சாம்பல் கரைந்த அந்தத் தண்ணீரில் முழுகினால் யாருக்கும் புதிதாகத் தோல் வியாதிதான் பிறக்கும் என்று நான் சொன்னேன். நைனா காதில் வாங்கவில்லை.

முழுக்குக்கு முந்தின வாரம் அவர் என்னைத் தேடி ராயபுரத்தில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் நர்ஸ். பதினேழு வருஷ சர்வீஸ். மத்தியானம் ஓ.பி. முடிந்த நேரம். காலி பெஞ்சில் ஓரமாக, யாரோ எழுப்பிவிடப்போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. சிரிக்கக்கூடாது."

"சொல்லு நைனா."

"இங்க அந்த விருத்தசேதனம் பண்ணுவாங்களா? பெரியவங்களுக்கு. நீ கீறியேன்னு கேக்குறேன். உனுக்குத் தெரிஞ்ச டாக்டரா இருந்தா எனுக்கு பயம் இல்ல பாரு."

நான் சிரித்தேன். சும்மா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்த வயசுல சுன்னத்து கல்யாணமா நைனா? குதிர சொல்லட்டா? மேளம் வெக்கணுமா?" என்றேன். பார்மசி ஜன்னலில் இருந்த பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். நைனாவும் சிரித்தார். பவுண்டரி கேட்டில் செக்யூரிட்டி பையைத் தடவும்போது ஒரு சிரிப்பு வைத்திருப்பார், அந்தச் சிரிப்பு.

"எனுக்கு இல்லமா. வேற ஒரு பிரதருக்கு. சும்மா கேட்டேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

நான் அதை டூட்டி ரூமில் சொன்னேன். நடித்தும் காட்டினேன். மாலை வரைக்கும் சிரித்தார்கள். அவருக்கு இருபது வருஷமாகச் சுகர் இருப்பதும், வெறும் வயிற்றிலேயே முந்நூறைத் தொடுவதும், காலில் முள் குத்தினால் இரண்டு மாதம் ஆறாமல் கிடப்பதும் எனக்குத் தெரியும். மாதாமாதம் அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். சிரிக்கும்போது அதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

பிறகு நடந்ததை அவர் வாயிலிருந்து துண்டு துண்டாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். முழுக்குக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எட்டாம் நாள் காலை வந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குக் காய்ச்சல், டூட்டி, மாமியார் சாவு. பாஸ்டர் ஐந்து பேரையும் வண்ணாரப்பேட்டையில் ஒரு முஸ்லிம் டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அவர் எல்லாருக்கும் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். நைனாவுக்கு முந்நூற்றுச் சொச்சம்.

"பெரியவரே, இன்னிக்கு வேணாம்" என்றாராம் அந்த டாக்டர். "ஒரு மாசம் இன்சுலின் போட்டுக்குங்க. சுகர் இறங்கட்டும். நானே செய்றேன்."

டாக்டர் சொன்னதே கர்த்தர் சொன்ன மாதிரி என்று மற்ற நான்கு பேரும் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சுகரே இல்லை. பாஸ்டர் மட்டும் எட்டாம் நாளை மாற்ற மனுஷனுக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆட்டோ பிடித்து, வீடுகளுக்குப் போய்ச் சுன்னத்து செய்யும் ஒரு வயதான ஒஸ்தாவிடம் நைனாவைக் கூட்டிப்போனார். அந்த மனிதரும் கேட்டிருக்கிறார், சுகர் இருக்கா என்று. பாஸ்டர் இல்லை என்றார். நைனா தலையாட்டினார். பத்து நிமிஷ வேலை. பாஸ்டர் தனக்குச் செய்துகொள்ளவில்லையா என்று நான் பிறகு நைனாவைக் கேட்டேன். "மேய்ப்பன் படுத்துகினா மந்தைய யாரு பாக்குறது?" என்று பாஸ்டர் சொன்னதாக நைனா சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

வேதத்தில் மூன்றாம் நாளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. பாஸ்டர் அதைப் பிரசங்கத்தில் எடுத்ததே இல்லை. ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டு, பிறகு கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நிற்கிறான் ஒரு ஊர்த் தலைவன் மகன். பெண்ணின் அண்ணன்மார்கள், உங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் விருத்தசேதனம் செய்துகொண்டால் சம்மதம் என்கிறார்கள். ஊரே செய்துகொள்கிறது. மூன்றாம் நாள், எல்லாரும் நோவில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது, இரண்டு அண்ணன்மார் வாளோடு வந்து ஒரு ஆண் விடாமல் வெட்டிப் போடுகிறார்கள். அந்த அடையாளத்தை நம்பி உள்ளே வந்தவர்களுக்கு அன்று கிடைத்த வரவேற்பு அது. நைனாவின் மூன்றாம் நாள் என் அம்மா எனக்கு போன் செய்தாள்.

"வந்து பாரு. உங்க நைனா நாறுறாரு" என்றாள்.

போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் டூட்டிக்கு முன்னால் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நான்தான் புண்ணைக் கழுவி டிரெஸ்ஸிங் செய்தேன். நான் வந்ததும் நைனா துண்டை எடுத்துத் தன் முகத்தின் மேல் போட்டுக்கொள்வார். இடுப்பை மறைக்க முடியாது, அதனால் முகத்தை மறைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "ஆபிரகாமுக்கு யாரு டிரெஸ்ஸிங் பண்ணாங்களாம்? கேட்டியா உங்க பாஸ்டர?" என்பேன். சில நாள் தேவைக்கு அதிகமாகவே அழுத்தித் துடைத்தேன். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் அழுத்தினேன். துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராது.

என் அம்மா அந்த அறைக்குள் வர மறுத்துவிட்டாள். வாசற்படியில் கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், தன்னைக் கேட்காமல் செய்துகொண்டார் என்ற ஒரே கோபத்தில் அவரைத் தெருநாய் மாதிரி நடத்தினாள். நான் கேட்டதற்கு, "என்ன கேட்டுகினா வெட்டிகினாரு? என்னுதும்தான் அது" என்றாள். சொல்லிவிட்டு, என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டோமே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் பாஸ்டர் வந்தார். நாற்றம் தாங்காமல் அறை வாசலிலேயே நின்று ஜெபித்தார். புண் ஆறாமல் இருப்பதற்குக் காரணம் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாவம் என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் அந்த ஹாலில் முழுக்கு எடுக்காதவள். கையில் இருந்த கிட்னி ட்ரேயை அவர் வெள்ளைச் சட்டைமேல் கவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன். நைனா துண்டுக்குள்ளிருந்து "ஆமென்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று மாலை நான் இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

நான்காவது சனிக்கிழமை நைனா மார்பில் போனை வைத்துக்கொண்டு ஹாலின் ஆராதனையை லைவில் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து வந்திருந்த ஏதோ ஒரு பெரிய பிரசங்கியார், எங்கள் பாஸ்டருக்கே பாஸ்டர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் எழுந்து, தனக்குப் புதிய வெளிச்சம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். விருத்தசேதனம் பழைய நுகத்தடியாம். அப்போஸ்தலரே எழுதியிருக்கிறாராம்: அதைச் செய்துகொள்கிறவனுக்குக் கிறிஸ்துவால் பிரயோஜனம் இல்லை, அவன் கிருபையிலிருந்து விழுந்துபோனவன். அப்படிப்பட்டவர்கள் நம் நடுவில் இருக்க வேண்டாம் என்றார். நம் நடுவில் அப்படி இருந்தது ஒரே ஒருவர்தான். ஹாலில் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கூட முழுக்கு எடுத்த பதினொரு பேரின் குரலும் அதில் இருந்திருக்கும். நைனா போனை அணைக்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டார்.

அம்மா வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேராக மார்க்கெட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். வீடு முழுக்க வாசனை. அன்றுதான் முதல்முறையாக அறைக்குள் வந்து தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப துன்னலாம்ல?" என்றாள்.

நைனா ஒரு நண்டுக்காலை எடுத்து உடைத்தார். வாயருகே கொண்டுபோய்விட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அவர் அழுவார் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் காய்ச்சல் ஏறி, என் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். இரண்டு ஆபரேஷன். ஒஸ்தா வெட்டியது ஒரு துளி; எங்கள் சர்ஜன் மிச்சத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. டூட்டி ரூமில் சிரித்தவர்கள் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். ஒருத்தி மட்டும், "இதத்தான் அன்னிக்கு நடிச்சுக் காட்டினீங்களா அக்கா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

அதே நேரத்தில் மேல் மாடித் தனி ரூமில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் பொருத்த வந்த இன்ஜினியர், அறுபத்தைந்து வயதிருக்கும். சிறுநீரகக் கல். அட்மிஷன் ஃபாரத்தில் மதம் என்ற இடத்தில் 'யூதர்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எங்கள் கிளார்க் தன் வாழ்நாளில் யூதரைப் பார்த்ததில்லை. வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். மாலை ஊசி போட நான்தான் போனேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் வலி நின்ற மனிதர் பேசுவதற்குத் தயாராக இருந்தார். உங்கள் ஜனத்தில் அந்த எட்டாம் நாள் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், ஆனாலும் சொன்னார்.

இரண்டு நாற்காலி போடுவார்களாம். ஒன்றில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் பெரியவர். இன்னொன்று காலி. அது எலியா தீர்க்கதரிசிக்கு. இந்த ஜனம் உடன்படிக்கையை விட்டுவிட்டது என்று அவர் ஒரு காலத்தில் கடவுளிடம் கோள் சொன்னாராம். அப்படியா, இனி ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து பார் என்று கடவுள் அனுப்பிவிட்டாராம். தகப்பன் ஆசீர்வாதம் சொல்வான். முடிந்ததும் குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டுத் திராட்சைரசம். பெயரை அப்போதுதான் வைப்பார்கள். நெருப்பு மூட்டக்கூடாத சனிக்கிழமையில் எட்டாம் நாள் வந்தாலும் நிறுத்துவதில்லை. அவ்வளவு பெரிய கட்டளை.

அதற்காக வாங்கிய அடியையும் சொன்னார். ஒரு காலத்தில் கிரேக்க ராஜாக்கள் தடை போட்டார்களாம். மீறிச் செய்த தாய்மார்களைக் குழந்தையோடு கொன்றார்களாம். கிரேக்கர்களோடு குளிக்க வெட்கப்பட்டு, தோலை இழுத்து மறைத்துக்கொண்ட யூதர்களும் இருந்தார்களாம். அப்படி மறைக்கவே முடியாதபடி பிற்காலப் பெரியவர்கள் வெட்டும் முறையையே மாற்றினார்களாம். அவருடைய சித்தப்பாவை யுத்தகாலத்தில் ஒரு ரயில் நிலையத்தில் கால்சட்டையை அவிழ்த்துப் பார்த்துத்தான் பிடித்துப்போனார்கள். அவர் திரும்பவில்லை.

நர்ஸ் புத்தி எனக்கு. "எட்டாம் நாள் குழந்தை மஞ்சளாக இருந்தால்?" என்று கேட்டேன்.

"செய்ய மாட்டோம்" என்றார் உடனே. மஞ்சள்காமாலை போகும்வரை நிறுத்துவார்களாம். காய்ச்சல் என்றால், அது விட்ட பிறகு முழுதாக ஏழு நாள் கழிய வேண்டும். எட்டாம் நாள் போனால் போகட்டும். நோயாளியை வெட்டுவது கட்டளை அல்ல, குற்றம். பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவர்கள் பெரியவர்கள் எழுதி வைத்தது. பிறகு சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டில் மூன்றாவது பிள்ளை. மூத்தவர்கள் இருவரும் எட்டாம் நாள் இரத்தம் நிற்காமல் செத்தார்கள். இரண்டு பேர் அப்படிச் செத்த வீட்டில் மூன்றாவது பிள்ளையைத் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் அவருக்குச் செய்யவே இல்லை.

"அப்படியென்றால் நீங்கள்?"

"யூதன்தான். ஒரு குறையும் இல்லை" என்றார்.

வேறு ஜனத்தைச் சேர்ந்த ஒரு வயதானவர், சுகர் உள்ளவர், உங்களில் ஒருவராக வேண்டும் என்று தானாகவே செய்துகொண்டால் அவர் யார் என்று கேட்டேன். அந்த மனிதரிடம் நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லையே என்றார் இன்ஜினியர். மற்ற ஜனங்கள் ஒழுங்காக வாழ்ந்தால் போதும். இது அவர்களுக்கு இல்லை. விடாமல் வந்து கேட்கிறவனைப் பலமுறை திருப்பி அனுப்புவார்கள், படிக்கச் சொல்வார்கள், மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அப்போதும் நோயாளி என்றால் பொறு என்றுதான் சொல்வார்கள். தானாகச் செய்துகொண்டது உடன்படிக்கை அல்ல, வெறும் காயம்.

கீழே வந்தேன். அன்றைக்கு நைனா கஞ்சியைத் தள்ளிவிட்டிருந்தார், ஊசி வேண்டாம் என்று கையை இழுத்திருந்தார், இரண்டு முறை பெட்ஷீட் மாற்றியிருந்தேன். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்க முயன்றார்.

"மேல ஒரு யூதரு கீறாராமே. ஆயா சொல்லிச்சு. பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"என்ன பத்தி கேட்டியா?" என்றார். "இவங்கதான் தள்ளிட்டாங்க. அவங்க இன்னா சொல்றாங்க? நான் அவங்க ஆளுதானே இப்ப?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷமாக, பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்த எத்தனையோ பேரிடம் சரியாயிடும் என்று சொன்ன வாய் இது. அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். நேர்மையால் அல்ல. நாற்பது நாள் கழுவிய கோபம் எனக்கு. அவருக்கும் ஒரு முறை நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

"இல்ல. நீ அவங்க ஆளு இல்ல. உன்னுது வெறும் காயமாம். அந்தாளுக்கே பண்ணல நைனா, கேட்டுக்கோ. அண்ணனுங்க ரெண்டு பேரு செத்ததால வுட்டுட்டாங்க. வெட்டாத அவரு உள்ள கீறாரு, வெட்டிகின நீ வெளிய கீற. சீக்காளிய அவங்க தொடவே மாட்டாங்களாம். கொழந்த மஞ்சளா இருந்தாகூட எட்டாம் நாள தள்ளி வெப்பாங்களாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"கொழந்த மஞ்சளா இருந்தா தள்ளி வெப்பாங்களா?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

"ஆமா."

"நல்ல ஜனம்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ டீ வந்தது.

"அந்த பாய் டாக்டரும் சொன்னாரு. பொறு, ஒரு மாசம் போவட்டும்னு. அவரு யாரோ, நான் யாரோ" என்றார். "எனுக்குன்னு கீறவங்க ஒருத்தரும் பொறுன்னு சொல்லலமா."

இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சலைன் பாட்டிலைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குப் பதில் இருந்தது. நீ ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. ட்ரேயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை டிரெஸ்ஸிங் செய்யப் போனேன். நைனா அன்று துண்டை முகத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ வேணாம்மா. வேற யாரனா அனுப்பு" என்றார்.

மேல் மாடியிலிருந்து ஆண் நர்ஸ் ஒருவரை அனுப்பினேன். அதற்குப் பிறகு நான்கு நாள், காலையும் மாலையும், நான் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர்கள் இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொள்வது கேட்கும், என்னவென்று கேட்காது. நான்காம் நாள் மாலை, அது நாற்பத்தேழாம் நாள், அந்த நர்ஸ் திரையை விலக்கி என்னைக் கூப்பிட்டார். உள்ளே போய் உடம்பு முழுவதையும் நானே கழுவித் துணி சுற்றினேன். அன்று யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை.